புத்தர் பேரைச் சொல்லி எப்படி அடிக்க முடிஞ்சுது? பவானிசாகர்ல இருந்து ஒரு பதில்

திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பார்க்கற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தாருங்க. புத்தர் உசுரக் கொல்லக் கூடாதுன்னு சொன்னவர், அவரைக் கும்புடற நாட்டுல தமிழனை எப்படி இப்படி அடிச்சாங்க, இது மதச் சண்டையா மொழிச் சண்டையா, மதச் சண்டைன்னா நாம எல்லாம் இந்துவா ஒண்ணு சேர்ந்து நின்னா தீர்ந்துருமான்னு. மூணு கேள்வி. ரெண்டு வரியில சொல்லி முடிக்கற விஷயம் இல்லைங்க இது, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க தம்பி.

நான் பவானிசாகர் பக்கம் பொறந்து வளர்ந்தவன். எங்களுக்கு முகாம்னா அது இலங்கைத் தமிழர் முகாம்தான். பள்ளிக்கூடத்துல என் பெஞ்சுல உக்கார்ந்த பையன் 1990ல போட்டுல ராமேஸ்வரம் வந்து, மண்டபத்துல இருந்து எங்க ஊருக்கு அனுப்பப்பட்ட குடும்பம். இன்னிக்கு வரைக்கும் எனக்கு நெருங்குன சிநேகிதன் அவன்தான். அவங்கப்பா முல்லைத்தீவு மாவட்டத்துல தண்ணிமுறிப்புன்னு ஒரு ஊரு, 1984ல ராணுவம் ஊரைக் காலி பண்ண வெச்சதுல கிளம்புனவர், திரும்ப அந்த ஊருக்குள்ள கால் வெக்கவே இல்ல. பின்னாடி இந்த ஊரைப் பத்தி மறுபடி சொல்றேன், ஞாபகம் வெச்சுக்கோங்க.

அந்த முகாம்ல இருந்து பண்ணாரி போயி, ஆத்தாவைக் கும்புட்டுட்டு, திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆசனூர் தாண்டி கொள்ளேகால் போற ரோட்டைப் புடிச்சீங்கன்னா கர்நாடகத்துக்குள்ள ஒடெயர்பாளையம்னு ஒரு ஊர் வரும். அங்க திபெத்துக்காரங்க முகாம் இருக்குதுங்க. மக்காச்சோளக் காட்டுக்கு நடுவுல கலர் கலரா கொடி, மடாலயம், கருஞ்சிவப்புத் துணி போத்துன பிக்குகள். நானும் சிநேகிதனும் முதல்தடவ பைக்குல அங்க போனப்ப அவன் மடாலயத்துக்குள்ள வரவே மாட்டேன்னுட்டான். வெளியிலயே நின்னான். அவனுக்கு புத்தர் சிலைன்னா செக்போஸ்ட் ஞாபகம், ராணுவ முகாம் ஞாபகம். உள்ள ஒரு வயசான திபெத்து அம்மா ஜெபமாலை உருட்டிட்டு உக்கார்ந்திருந்தாங்க, அவங்களுக்கு அதே புத்தர்தான் விட்டுட்டு வந்த ஊரு, வீடு, எல்லாமே. அன்னிக்குத்தான் எனக்கு இந்த விஷயம் தலைகீழா புரிஞ்சுது. புத்தரை வெச்சு அடிச்ச அரசுகிட்ட இருந்து ஓடி வந்தவங்க மலைக்குக் கீழ இருக்காங்க, புத்தரைக் கும்புட்டதுக்காக அடிச்ச அரசுகிட்ட இருந்து ஓடி வந்தவங்க மலைக்கு மேல இருக்காங்க. அப்ப கோளாறு புத்தர்கிட்ட இல்லைங்க. மதம் அரசுக்கு எந்தப் பக்கம் நிக்குது, அரசோட கையில என்ன அதிகாரம் குவிஞ்சிருக்குது, அதுதான் கேக்க வேண்டிய கேள்வி.

திபெத்தைச் சுருக்கமா சொல்லிர்றேன். 1951ல சீனாவும் திபெத்தும் 17 அம்ச ஒப்பந்தம் போட்டாங்க, உங்க மதத்துலயும் உங்க அரசாங்க அமைப்புலயும் கை வெக்க மாட்டோம்னு அதுல எழுதியிருந்துச்சு. 1959 மார்ச்சுல லாசாவுல மக்கள் எந்திரிச்சாங்க, தலாய் லாமா இந்தியாவுக்கு வந்துட்டார், ஒப்பந்தம் காத்துல போச்சு. 1995ல தலாய் லாமாவுக்கு அடுத்த பெரிய குருவான பஞ்சன் லாமாவோட மறுபிறவின்னு தலாய் லாமா அடையாளம் சொன்ன 6 வயசுப் பையனை சீன அரசு கொண்டு போனது, இன்னிக்கு வரைக்கும் வெளி உலகம் அவரைப் பார்க்கல. 2007ல ஒரு உத்தரவு, லாமா மறுபிறவி எடுக்கறதுக்கே அரசாங்க அனுமதி வேணும்னு. 2009ல இருந்து 150 பேருக்கு மேல தங்களைத் தாங்களே கொளுத்திக்கிட்டாங்க, அதுல பிக்குகள் நெம்ப. அங்க பௌத்தம் எதிர்ப்போட மொழி. இலங்கையில அதே பௌத்தம் அரசாங்கத்தோட முத்திரை.

இலங்கையில அது எப்படி முத்திரை ஆச்சுன்னா, எல்லாரும் மகாவம்சத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. அது தப்பில்லைங்க, ஆனா முழுசும் அது இல்ல. சுமார் 1500 வருஷத்துக்கு முன்னாடி பாளியில பிக்குகள் எழுதுன நூல் அது. சிங்கள ராஜா துட்டகைமுனு தமிழ் ராஜா எல்லாளனை ஜெயிச்சுட்டு, இவ்வளவு பேரைக் கொன்னுட்டமேன்னு வருத்தப்படறான், அப்ப எட்டு அரகந்தர்கள், அதாவது ஞானம் அடைஞ்ச பிக்குகள், வந்து நீ கொன்னது ஒன்றரை மனுஷனைத்தான், ஒருத்தன் சரணம் சொன்னவன், இன்னொருத்தன் பஞ்சசீலம் எடுத்தவன், மத்தவங்க மிருகத்துக்குச் சமானம்னு ஆறுதல் சொல்றாங்க. படிக்கறப்ப நெஞ்சு பதறும். ஆனா அதே நூல்தான் எல்லாளன் நீதி தவறாத ராஜான்னும் சொல்லுது, துட்டகைமுனு அவனுக்கு சமாதி கட்டி எல்லாரும் மரியாதை செய்யணும்னு உத்தரவு போட்டான்னும் சொல்லுது. அந்தக் கதையில எதை எடுக்கறது எதை விடறதுன்னு முடிவு பண்ணது 19ஆம் நூற்றாண்டுங்க. வெள்ளைக்காரன் ஆட்சியில மிஷனரி பள்ளிக்கூடம், கவர்மென்ட் வேலை எல்லாம் கிறிஸ்தவங்களுக்கும் இங்கிலீஷ் படிச்சவங்களுக்கும் போகுதுன்னு பௌத்தர்களுக்கு ஒரு நியாயமான கோவம் இருந்துச்சு. 1873ல பாணந்துறையில பாதிரியாருக்கும் பிக்குவுக்கும் பெரிய வாதம் நடந்துச்சு, 1880ல அமெரிக்காக்காரர் கர்னல் ஆல்காட் வந்து பௌத்த பள்ளிக்கூடங்கள் ஆரம்பிக்க உதவுனார், அவரோட பழகி வளர்ந்த அநாகரிக தர்மபால அந்தக் கோவத்தை சிங்கள இனத்தோட பெருமையாவும் மத்தவங்க மேல வெறுப்பாவும் மாத்துனார். 1915ல முதல் பெரிய கலவரம் வந்தப்ப அடி வாங்குனது தமிழன் இல்ல, முஸ்லிம் வியாபாரிகள். இது நம்மாளுங்க நிறைய பேருக்குத் தெரியாது.

இந்தக் கோவம் ஊர்க் கோவமாவே இருந்திருந்தா கரைஞ்சிருக்கும்னு நான் நம்பறேன். கொழும்புல ஒரே இடத்துல எல்லா அதிகாரமும் குவிச்சு வெச்ச ஒரு அரசை வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனான் பாருங்க, அதுதான் வினை. யார் அந்த நாற்காலியைப் புடிக்கறாங்களோ அவங்களுக்கு எல்லாமே. நாற்காலி கிடைச்ச முதல் வருஷமே என்ன பண்ணாங்க? 1948 பிரஜாவுரிமைச் சட்டம். சேலம், திருச்சி பக்கமெல்லாம் இருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போயி மூணு தலைமுறை ஒழைச்சவங்க நாடில்லாதவங்க ஆனாங்க. 1947 எலெக்ஷன்ல மலையகத் தமிழர் கட்சி 7 சீட்டு ஜெயிச்சிருந்துச்சு, அந்த ஓட்டைப் புடுங்கறதுதான் நோக்கம். பிறகு 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கயேன்னு பிரிச்சாங்க, மிச்சம் 1,50,000 பேரை 1974ல பாதிப் பாதியா பங்கு போட்டுக்கிட்டாங்க. சம்பந்தப்பட்ட மக்கள்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கோத்தகிரி, கூடலூர்ல டான்டீங்கற அரசுத் தேயிலை எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கறவங்ககிட்ட கேளுங்க, அவங்க ஆத்தா அப்பனெல்லாம் அந்த ஒப்பந்தத்துல வந்தவங்கதான். மதம் பேரைச் சொல்லாமலே நடந்த முதல் வெட்டு அது, அன்னிக்கு யாழ்ப்பாணத்து பெரிய தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்தோட போய்ச் சேர்ந்துக்கிட்டார், எதிர்த்து வெளியே வந்த செல்வநாயகம் 1949 டிசம்பர்ல தமிழரசுக் கட்சி ஆரம்பிச்சார், சமஷ்டி, அதாவது கூட்டாட்சிதான் வழின்னார்.

அடுத்து 1956. புத்தர் பரிநிர்வாணம் ஆகி 2500 வருஷம்னு நாடே விழாக் கொண்டாடிட்டு இருந்த வருஷம். அந்த வருஷ எலெக்ஷன்ல பிரதமர் ஆன பண்டாரநாயக்க ஆக்ஸ்போர்டுல படிச்சவர், ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பத்துல பொறந்து பௌத்தத்துக்கு மாறுனவர். பிக்குகள் ஊர் ஊரா நடந்து அவருக்கு ஓட்டு கேட்டாங்க. ஜெயிச்ச கையோட சிங்களம் மட்டும்னு சட்டம். ஜூன் 5 அன்னிக்கு காலிமுகத்திடல்ல சத்தியாக்கிரகம் உக்கார்ந்த தமிழ் எம்பிக்களை ஆள் வெச்சு அடிச்சாங்க, அதே மாசம் கிழக்குல கல்லோயா குடியேத்தத் திட்டத்துல தமிழர்களைக் கொன்னாங்க. அன்னிக்கு பார்லிமென்ட்டுல ஒரு சிங்கள இடதுசாரி, கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு மொழின்னா ரெண்டு நாடு, ரெண்டு மொழின்னா ஒரே நாடுன்னு எச்சரிச்சார். இந்த மனுஷனையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். பண்டாரநாயக்க மோசமான ஆள்னு மட்டும் சொல்லிட்டுப் போயிர முடியாதுங்க. 1957 ஜூலை 26 அன்னிக்கு அவரே செல்வநாயகத்தோட ஒப்பந்தம் போட்டார். வடக்கு கிழக்குக்கு பிராந்திய சபை, அங்க நிர்வாகத்துக்கு தமிழ், குடியேத்தத் திட்டத்துல அந்தச் சபைக்கும் ஒரு பேச்சு. அவ்வளவுதான், நம்ம மாநிலத்துக்கு இருக்கற அதிகாரத்துல கால்வாசி கூட இல்ல. அதுக்கே எதிர்க்கட்சியில இருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன புத்தரோட பல் இருக்கற கண்டி தலதா மாளிகைக்கு பாதயாத்திரை கிளம்பிட்டார். 1958 ஏப்ரல் 9, பிக்குகள் கூட்டமா வந்து பிரதமர் வீட்டு முத்தத்துல உக்கார்ந்தாங்க, ஒப்பந்தத்தை ரத்து பண்ணு, வாய் வார்த்தை பத்தாது எழுத்துல குடுன்னாங்க. குடுத்துட்டார். அடுத்த மாசமே நாடு பூரா கலவரம். அதுக்கு அடுத்த வருஷம் 1959 செப்டம்பர் 25 அன்னிக்கு அதே வீட்டு வராந்தாவுல ஒரு பிக்கு, சோமராம தேரர், பிரதமரைச் சுட்டார், மறுநாள் உசுரு போச்சு. திட்டம் போட்டுக் குடுத்தது களனி விகாரைத் தலைமைப் பிக்கு, எலெக்ஷன்ல அவருக்காக நெம்ப ஒழைச்ச ஆளு. மதத்தைத் தோள் மேல ஏத்தி ஆட்சிக்கு வந்தவர் கதை அப்படி முடிஞ்சுது. அரசியல்வாதி நான் வேணும்ங்கறப்ப மதத்தைக் கூப்புட்டுக்குவேன், வேண்டாம்ங்கறப்ப அனுப்பிருவேன்னு நெனைக்கறான், அது நடக்கறதே இல்லைங்க.

பிறகு இதே நாடகம் திரும்பத் திரும்ப. 1965ல யூஎன்பி கட்சிப் பிரதமர் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோட ஒப்பந்தம் போட்டார், இப்ப எதிர்க்கறது பண்டாரநாயக்கவோட கட்சி, நிறைவேத்தல. 2000 ஆகஸ்ட்டுல ஜனாதிபதி சந்திரிகா கொண்டு வந்த புது அரசியலமைப்பு வரைவை யூஎன்பி எம்பிக்கள் பார்லிமென்ட்டுக்குள்ளயே கொளுத்துனாங்க. 2005ல சுனாமி நிவாரணத்தைச் சேர்ந்து குடுக்கலாம்னு ஒரு ஒப்பந்தம், செத்தவனுக்கு காரியம் பண்ற மாதிரி விஷயம், அதுக்கே ஜேவிபிங்கற சிங்கள இடதுசாரிக் கட்சி அரசாங்கத்தை விட்டு வெளியே போச்சு, கோர்ட்டு தடை போட்டுச்சு. யார் எதிர்க்கட்சியோ அவங்க பௌத்தத்துக்கு ஆபத்துன்னு கத்துவாங்க, யார் ஆளுங்கட்சியோ அவங்க பயந்து பின்வாங்குவாங்க, ஒவ்வொருக்கா கிழிக்கறப்பவும் தமிழ்ப் பக்கத்துல பேசிப் பார்க்கலாம்னு சொன்ன பெரியவங்க மேல இருந்த மரியாதை ஒரு படி இறங்கும், அந்த இடத்துக்கு துப்பாக்கி வெச்ச பையன் ஏறுவான். 1976 வட்டுக்கோட்டையில தனிநாடுதான்னு தீர்மானம் போட்டதும் அதே செல்வநாயகம்தாங்க. இருபத்தேழு வருஷம் சமஷ்டி கேட்டுக் கேட்டு ஓய்ஞ்ச மனுஷன் அவர்.

இதுல சட்டம் படிக்கறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்குதுங்க, ஏன்னா நம்மாளுங்க பிரபாகரன், ராஜபக்சன்னு ஆளுங்களையே பேசறாங்க, ஆனா பூட்டு எங்க இருக்குதுன்னு பார்க்கறதில்ல. வெள்ளைக்காரன் குடுத்த சோல்பரி அரசியலமைப்புல 29ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, எந்த இனத்துக்கும் மதத்துக்கும் பாகுபாடா சட்டம் போடக் கூடாதுன்னு. அது ஒழுங்கா காப்பாத்துச்சான்னா இல்ல, ஆனா இருந்துச்சு. 1972 மே 22 அன்னிக்கு குடியரசு ஆனப்ப அதைத் தூக்கிட்டு, ஒற்றையாட்சின்னும், அதாவது அதிகாரமெல்லாம் மத்தியிலயேன்னும், பௌத்தத்துக்கு முதன்மை இடம்னும் எழுதுனாங்க. அந்த அரசியலமைப்பை எழுதுன அமைச்சர் யாரு? கொல்வின் ஆர். டி சில்வா. ஒரு மொழின்னா ரெண்டு நாடுன்னு சொன்ன அதே ஆளு. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி பூரா மனசு ஆறல. 1978ல ஜெயவர்த்தன கொண்டு வந்ததுல 2ஆம் பிரிவு ஒற்றையாட்சி, 9ஆம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம், பௌத்த சாசனத்தைப் பாதுகாத்து வளர்க்கறது அரசோட கடமை. 83ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா இந்த ரெண்டையும் தொடணும்னா மூணுல ரெண்டு பங்கு மெஜாரிட்டியும் வேணும், நாடு தழுவிய வாக்கெடுப்பும் வேணும். ஒற்றையாட்சியும் மதமும் ஒரே பூட்டுக்குள்ள. ஒண்ணைத் திறக்கப் போனா இன்னொண்ணுக்கு ஆபத்துன்னு சத்தம் போடலாம். அப்ப தமிழன் கேக்கற சமஷ்டி நிர்வாக விஷயமாவே இருக்காது, புத்த மதத்து மேல கை வெக்கறதா மாறிரும். முதல் கேள்விக்கும் ரெண்டாவது கேள்விக்கும் என் பதில் இதுதான் தம்பி, இது மொழியில ஆரம்பிச்சு, நிலத்துல நடந்து, மதத்தை வெச்சுப் பூட்டப்பட்ட அதிகாரச் சண்டை.

9ஆம் பிரிவு சும்மா அலங்காரம்னு கொழும்புல சொல்றவங்க உண்டு. 2003ல ஒரு கத்தோலிக்க கன்னியாஸ்திரி சபையைச் சட்டபூர்வமா அங்கீகரிக்கற மசோதா வந்தப்ப உச்ச நீதிமன்றம் இந்த 9ஆம் பிரிவையே காட்டி முடியாதுன்னுச்சு. அலங்காரத்துக்கு இவ்வளவு பல்லு இருக்குமாங்க?

1987ல இந்தியா போய் ஒப்பந்தம் போட்டு 13வது திருத்தம் கொண்டு வந்துச்சு, மாகாண சபை. காகிதத்துல போலீஸ் அதிகாரமும் நில அதிகாரமும் இருக்குது, கையில குடுக்கவே இல்ல. ஒண்ணா இருந்த வடக்கு கிழக்கை 2006ல உச்ச நீதிமன்றம் பிரிச்சுது. 2013ல வடக்குல தேர்தல் வெச்சப்ப 38 சீட்டுல 30ஐ தமிழ்க் கூட்டமைப்பு ஜெயிச்சுது, 2018ல காலம் முடிஞ்சதுக்கு அப்புறம் வருஷக்கணக்கா தேர்தலே நடத்தல.

இப்ப தண்ணிமுறிப்புக்கு வர்றேன். அந்த ஊருக்குப் பக்கத்துல குருந்தூர்மலைன்னு ஒரு குன்று, அதுல ஆதி ஐயனார். சிநேகிதனோட அப்பா இருந்த வரைக்கும் சொல்லிட்டே இருப்பார், சனம் காட்டுக்குள்ள நடந்து போய் பொங்கல் வெச்சுட்டு வரும், பூசாரி மந்திரமெல்லாம் கிடையாது, சூலம் ஒண்ணுதான்னு. 2021 ஜனவரியில அங்க தொல்லியல் துறை அகழாய்வு ஆரம்பிச்சுது, அமைச்சரும் ராணுவமும் போய் நின்னு பிரித்ங்கற பௌத்த மந்திரம் ஓதி தொடங்கி வெச்சாங்க, அப்புறம் விகாரை வேலை. கோர்ட்டு நிறுத்தச் சொல்லியும் வேலை நடந்துச்சு. அந்த வழக்கை விசாரிச்ச முல்லைத்தீவு நீதிபதி 2023 செப்டம்பர்ல, உசுருக்கு மிரட்டல் இருக்குதுன்னு ராஜினாமா பண்ணிட்டு நாட்டை விட்டே போயிட்டார். 2024 சிவராத்திரி அன்னிக்கு வவுனியா வெடுக்குநாறி மலையில ஆதிலிங்கேஸ்வரரைக் கும்புடப் போனவங்கள்ல எட்டு பேரை போலீஸ் புடிச்சுட்டுப் போச்சு. 2020ல கிழக்கு மாகாணத்துத் தொல்லியலுக்கு ஒரு ஜனாதிபதி செயலணி போட்டாங்க, தலைவர் யாருன்னா பாதுகாப்புச் செயலாளர். மாகாணத்துல பெரும்பான்மை தமிழரும் முஸ்லிம்களும், செயலணி போட்டப்ப அதுல ஒருத்தர் கூட அவங்கள்ல இல்ல, பிக்குகள் இருந்தாங்க. கல்லைப் பத்தித் தெரிஞ்சுக்கறதுக்கு பாதுகாப்புச் செயலாளர் எதுக்குங்க?

நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். அரச்சலூர் இருக்குது பாருங்க, அங்கயும் இலங்கைத் தமிழர் முகாம் இருக்குது. அதே அரச்சலூர் மலையில சமண முனிவர்கள் தங்குன குகை, அதுல தமிழ் பிராமியில தாளச் சொல்லுங்க வெட்டியிருக்குது, புலவர் செ. இராசு கண்டுபிடிச்சது. விஜயமங்கலத்துல நெட்டைக் கோபுரம் சமணக் கோயில். சீனாபுரத்துக்காரர்னு நாம பெருமையா சொல்லிக்கற பவணந்தி முனிவர் சமணர், அவர் எழுதுன நன்னூலைத்தான் நாம இலக்கணம்னு படிச்சோம். அப்ப ஒரு காலத்துல கொங்கு நாட்டுல சமணம் செழிச்சுது, அப்புறம் நாம எல்லாம் மாரியாத்தா, அண்ணமார், முருகன்னு இருக்கோம். நாளைக்கு டெல்லியில இருந்து ஒரு படை வந்து, இங்க சமணக் கல்லு கிடக்குது, அதனால உங்க காணியில இருக்கற கருப்பராயன் கோயில் ஆக்கிரமிப்பு, பூசைக்கு லெட்டர் வாங்கிட்டு வா, வேற மாநிலத்துச் சனத்தை இங்க குடி வெக்கறோம்னு சொன்னா எப்படி இருக்கும்? குலதெய்வத்துக்கு வருஷம் ஒருக்கா போக முடியலைன்னாலே நம்ம வீட்டுப் பொம்பளைங்க சோறு எறங்காம உக்கார்ந்திருப்பாங்க. அதான் அங்க நடக்குது.

குருந்தூர்லயும் வடக்குலயும் கிடைக்கற பௌத்த எச்சத்தை நான் இல்லைங்கல. இருந்திருக்கும், இருக்குது. யாழ்ப்பாணம் கந்தரோடையில வரிசையா தூபிகள் இருக்குதே. ஆனா பௌத்தம்னா சிங்களம்னு எந்தக் கல்லு சொல்லுச்சு? மணிமேகலை எந்த மொழியில இருக்குது? நாகப்பட்டினத்துல சூடாமணி விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தையே எழுதி வெச்சான். தமிழ் பௌத்தர்ங்கற ஒரு மனுஷக் கூட்டத்தை வரலாற்றுல இருந்தே அழிச்சாத்தான் அந்தக் கல்லை வெச்சு நிலத்தைப் புடுங்க முடியும். நாமளும் கோவத்துல பௌத்தமே எங்களது இல்லைன்னு சொல்லிட்டா அந்த வேலையை அவங்களுக்காக நாமளே செஞ்சு குடுத்தாப்புல ஆயிரும்.

பர்மாவையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, அச்சு அசல். 1947 பிப்ரவரி 12 அன்னிக்கு பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சான் பாங்லாங்ல ஷான், கச்சின், சின்ங்கற சிறுபான்மை இனத் தலைவர்களோட உக்கார்ந்து உங்க பகுதிக்கு உள்நாட்டுச் சுயாட்சின்னு கையெழுத்து போட்டார், அஞ்சு மாசத்துல அவரைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. 1949ல கரேன்ங்கற இன்னொரு சிறுபான்மை இனத்தோட சண்டை ஆரம்பிச்சுது. 1961 ஆகஸ்ட்டுல பிரதமர் ஊ நூ பௌத்தத்தை அரச மதம் ஆக்குனார், கிறிஸ்தவங்க நிறைய இருக்கற கச்சின்ல அந்த வருஷமே பொறந்த ஆயுத இயக்கத்துக்கு பையனுங்க போய்ச் சேர இது பெரிய காரணம். 1962ல நே வின் ராணுவ ஆட்சி, 1964ல கடை கண்ணி எல்லாம் அரசுடைமை, நம்ம தமிழ்ச் சனமும் லட்சக்கணக்குல வந்த இந்தியர்களோட சேர்ந்து கப்பலேறுச்சு, பர்மா காலனின்னு ஊர் ஊருக்கு இருக்குதே, அவங்கதான். 2017ல ரோஹிங்கியா 7 லட்சம் பேருக்கு மேல பங்களாதேஷுக்கு ஓடுனாங்க, அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா விராது மாதிரி பிக்குகள் முஸ்லிம்கிட்ட சாமான் வாங்காதேன்னு பிரசங்கம் பண்ணி மனசைப் பதப்படுத்தி வெச்சிருந்தாங்க. 2021 பிப்ரவரி 1 அன்னிக்கு அதே ராணுவம் பர்மியர்களோட ஓட்டையும் தூக்கிக் குப்பையில போட்டுச்சு, அப்புறம்தான் நகரத்துப் பர்மியப் பையனுங்க கரேன் காட்டுக்குப் போய் துப்பாக்கி பழகுனாங்க. இலங்கையிலயும் 1971லயும் 1987ல இருந்து 89 வரைக்கும் சிங்களப் பையனுங்களை ஆயிரக்கணக்குல கொன்னு ஆத்துல விட்டது அதே அரசுதான்.

இப்ப மூணாவது கேள்வி, இந்துவா ஒண்ணு சேரலாமா. கரேன் கதையையே எடுங்க. அவங்க இயக்கத்துல தலைமை பெரும்பாலும் கிறிஸ்தவங்க, அடிமட்டச் சிப்பாய்கள்ல பௌத்தர்கள் நெம்பப் பேர். எங்களை மதிக்கலைங்கற வருத்தம் வளர்ந்துச்சு, 1994 கடைசியில பௌத்தக் கரேன்கள் தனியாப் பிரிஞ்சு ராணுவத்தோட கை கோத்தாங்க, 1995 ஜனவரியில பல வருஷமா விழாத மானப்பிளாவ் தலைமையகம் விழுந்துருச்சு. ஒரு சின்ன இனம் மதத்துல பிளந்தா மத்திய அரசுக்கு அதை விட லாபம் கிடையாது.

நம்ம பக்கத்துலயும் அந்தப் பிளவை நாமளே போட்டோம், இதை மறைக்கக் கூடாது. 1990 ஆகஸ்ட்டுல காத்தான்குடி பள்ளிவாசல்ல தொழுதுட்டு இருந்தவங்களைச் சுட்டது, அதே வருஷம் அக்டோபர்ல வடக்குல இருந்து முஸ்லிம் சனம் அத்தனை பேரையும் புலிகள் துரத்துனது. யாழ்ப்பாணத்துல ரெண்டு மணி நேரம் கெடு. தமிழ் பேசற சனம், எழுபதாயிரம் பேருக்கு மேல. 1985ல அனுராதபுரத்துல போதிமரத்துக்கிட்ட கும்புடப் போன சிங்களச் சனத்தைக் கொன்னதும் நடந்துச்சு. முகாம்ல இருக்கற பெரியவங்கள்ல சிலர் இதைச் சத்தமில்லாம ஒத்துக்குவாங்க, இங்க தமிழ்நாட்டுல மேடையில பேசறவங்கதான் ஒத்துக்க மாட்டாங்க. எனக்கு இதுல நெம்ப வருத்தம்.

2009ல போர் முடிஞ்சதுக்கு அப்புறம், பொதுபல சேனாங்கற சிங்கள பௌத்தத் தீவிர அமைப்போட ஞானசார தேரர் யார் பக்கம் திரும்புனார்? முஸ்லிம் பக்கம். 2014 அளுத்கம, 2018 திகன, ரெண்டும் முஸ்லிம்கள் மேல நடந்த கலவரம். 2020ல கொரோனாவுல செத்த முஸ்லிம்களைப் புதைக்க விடாம எரிச்சாங்க, 2021 பிப்ரவரி வரைக்கும். தமிழனை அடக்கியாச்சு, அடுத்த ஆள் வேணும், அந்த எந்திரம் அப்படித்தான் ஓடும். அதனால 2016ல வவுனியாவுல சிவசேனைன்னு ஆரம்பிச்சு இந்துவா எந்திரிப்போம்ங்கறாங்களே, அது மன்னார் கத்தோலிக்கனையும் மட்டக்களப்பு முஸ்லிமையும் எதிரே நிறுத்தி வெச்சுட்டு கொழும்புக்குக் கதவு திறந்து விடற வேலை. செல்வநாயகம் கிறிஸ்தவர்ங்க. சைவம் ஊறிப்போன காங்கேசன்துறை சனம் அவரை ஜெயிக்க வெச்சுது, தந்தைன்னு கூப்புட்டுச்சு. அது அவங்களுக்கு ஒரு பலமா இருந்துச்சு.

இன்னொரு விஷயமும் சொல்லணும். இந்துன்னு சொன்னா டெல்லி கை குடுக்கும்னு அங்க நம்பறவங்க இருக்காங்க. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான்ல இருந்து வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் எல்லாம் உண்டு. இலங்கைத் தமிழன் இல்ல. 2021ல நம்ம மாநில அரசு அகதிகள் முகாம்ங்கற பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்துச்சு, மனசுக்கு நல்லா இருந்துச்சு, ஆனா குடியுரிமை குடுக்கற பேனா மாநிலத்துகிட்ட இல்லைங்களே. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இங்க பொறந்திருந்தா பொறப்பால இந்தியர். 1986ல மண்டபம் முகாம்ல பொறந்த ஒரு அம்மாவுக்கு 2022ல ஹைகோர்ட் மதுரைக் கிளை பாஸ்போர்ட் குடுக்கச் சொன்னது, 2024 தேர்தல்ல அவங்க ஓட்டுப் போட்டாங்க. அதுக்கு அப்புறம் பொறந்து, அப்பா அம்மா ரெண்டு பேருமே இந்தியக் குடியுரிமை இல்லாத முகாம்காரங்கன்னா அந்தக் குழந்தை பொறப்பால இந்தியர் ஆக முடியாது.

சிநேகிதனோட பொண்ணு கோவையில ஆஸ்பத்திரியில பொறந்துச்சு, இப்ப பத்தாவது. ஏனுங், வாங்கண்ணு நம்ம பேச்சுதான் பேசும், யாழ்ப்பாணத் தமிழ் அதுக்கு வராது. போன வருஷம் ஒரு விண்ணப்பத்துல நாடுங்கற கட்டத்துல என்ன எழுதறதுன்னு என்கிட்டத்தான் போன் போட்டுக் கேட்டுச்சு. பங்குனியில பண்ணாரி குண்டத்துக்கு அவங்கப்பன் வருஷா வருஷம் இறங்கறான். வேண்டுதல் என்னன்னு நான் ஒருக்காதான் கேட்டேன், குருந்தூர் ஐயனாருக்கு அப்பா பேர்ல ஒரு பொங்கல் வெக்கணும்னான்.